கரண்டு வைத்தியம்: தண்டனையா, சிகிச்சையா?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் குணா குகையைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

தூண் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. பாம்புகள் பின்னிக் கிடப்பதுபோல மர வேர்கள் தரையெல்லாம் நெளிந்து கிடக்கும். பாறைகளுக்கு நடுவே கிடுகிடு பள்ளம். வெள்ளைக்காரர்கள் அந்த இடத்துக்கு 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர் வைத்தார்கள். 'பேயின் அடுப்படி' என்று அர்த்தம்.

1991-ம் ஆண்டு கமலஹாசன் நடித்த 'குணா' படம் வெளிவந்தது. அதன் காட்சிகள் அந்தக் குகையில் எடுக்கப்பட்டவை. அன்று முதல் பேயின் பெயர் போய்விட்டது. குணாவின் பெயர் நிலைத்துவிட்டது.

குணா யார்? படத்தின் கதாநாயகன். மனம் பேதலித்த ஓர் இளைஞன்!

பேயின் பெயர் போய் மனநோயாளியின் பெயர் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் மனநோயைப் பற்றிய நம் எண்ணம் அதே வேகத்தில் மாறிவிட்டதா? இல்லை. இன்னும் பல வீடுகளில், மனநோய் என்றால் பேய். வைத்தியம் என்றால் மந்திரம். ஆஸ்பத்திரி என்றால் கரண்டு ஷாக்!

அந்தக் கரண்டு ஷாக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலைமேல் ஒரு குடும்பம்

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மலைக் கிராமங்கள் இருக்கின்றன. படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற மண்.

அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதே துயரத்தில் தவிக்கும் உண்மையான குடும்பங்கள் உண்டு.

அந்த வீட்டில் 20 வயது மகன். சிறு வயதிலிருந்தே அவனுக்கு 'ஆட்டிசம்' என்னும் குறைபாடு. அதிகம் பேசமாட்டான். யாரையும் நேருக்கு நேர் பார்க்கமாட்டான். ஆனால் வேலையில் கெட்டிக்காரன். பூண்டைப் பெரிது, சிறிது என்று தரம் பிரித்து வைத்தால் ஒன்றுகூட மாறாது. "என் பிள்ளையின் கை தராசு மாதிரி" என்று தாய் பெருமையாகச் சொல்வாள்.

திடீரென்று ஒரு மாதம் அவன் நடை தளர்ந்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்தால் மறு காலை வைக்க அரை மணி நேரம். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. கை பாதியில் அப்படியே நின்றது. பேச்சு அடியோடு நின்றது. தண்ணீரும் இறங்கவில்லை. சில சமயம் திடீரென்று வெறிகொண்டு தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். பிறகு மறுபடியும் சிலை!

"சாமி குத்தம்" என்றாள் பாட்டி. குழந்தை வேலப்பருக்கு நேர்ந்துகொண்டார்கள். தாயத்துக் கட்டினார்கள். பிள்ளை துரும்பாக இளைத்தான்.

கடைசியில் பஸ் ஏறினார்கள். மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் மகனை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தாள் தாய். சமவெளியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழாய் வழியாக உணவு கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து டாக்டர் தாயைக் கூப்பிட்டார்.

"அம்மா, மருந்து போதுமான அளவு கேட்கவில்லை. இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து. கரண்டு வைத்தியம் கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் சம்மதம் வேண்டும்."

தாயின் தம்பி பதறினான். "வேண்டாங்க்கா! கரண்டு வச்சா மூளை கருகிப் போயிரும். சினிமாவுல பார்த்ததில்லையா?"

தாய் அழுதாள். "டாக்டரய்யா, எம்புள்ள யாருக்கும் ஒரு கெடுதலும் செஞ்சதில்லையே! அவனுக்கு எதுக்கய்யா இந்தத் தண்டனை?"

தண்டனையா? சிகிச்சையா? இதுதான் கேள்வி.

சிலையாக்கும் நோய்

முதலில், அந்த மகனுக்கு வந்தது என்ன? அது ஆட்டிசம் அல்ல. ஆட்டிசம் அவனோடு பிறந்தது. இப்போது வந்திருப்பது அதற்கு மேல் வந்த வேறொரு நோய். அதன் பெயர் 'கேட்டடோனியா'. உறைநிலை நோய் என்று சொல்லலாம்.

1874-ம் ஆண்டு கால்பாம் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தார். நோயாளி பேசமாட்டார். அசையமாட்டார். அவருடைய கையைத் தூக்கிவிட்டால், தூக்கிய இடத்திலேயே நிற்கும். சிலர் அதற்கு நேர்மாறாகக் காரணமில்லாமல் வெறிபிடித்து ஆடுவார்கள். சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோவதால் உடம்பு வற்றும். அசையாமல் கிடப்பதால் காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் மரணம்தான்.

கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இந்த நிலை வரலாம். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் வரலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் வரலாம்.

இதை எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் லோர்னா விங் என்ற இங்கிலாந்து பெண் டாக்டர். அவருடைய மகளும் ஆட்டிசம் உள்ளவர். விங், அமிதா ஷா இருவரும் ஓர் ஆராய்ச்சியை 2000-ம் ஆண்டு வெளியிட்டார்கள். தங்கள் சிறப்பு மருத்துவ நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17 சதவீதம் பேருக்கு இந்த உறைநிலைக் கோளாறு கடுமையாக இருந்தது.

ஆகவே பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை, முன்பு செய்துகொண்டிருந்த காரியத்தைத் திடீரென்று செய்ய முடியாமல் நின்றுபோனால், "அவன் எப்போதும் அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடாது. பிடிவாதம் என்று அடிக்கவும் கூடாது. டாக்டரிடம் காட்டவேண்டும்.

முதல் மருந்து கரண்டு அல்ல

உறைநிலை நோய்க்கு எடுத்தவுடன் கரண்டு வைப்பதில்லை. 'லோரசெபாம்' என்ற மருந்தைத்தான் முதலில் கொடுப்பார்கள். ஊசியாகவும் போடலாம், மாத்திரையாகவும் கொடுக்கலாம். சிலருக்கு அது அதிசயம்போல வேலை செய்யும். பல நாள் வாய் திறக்காதவர் சில மணி நேரத்தில் தண்ணீர் கேட்பதும் உண்டு.

அந்த மருந்து கேட்காவிட்டால், அல்லது காத்திருக்க நேரமில்லாமல் உயிர் ஊசலாடினால், அப்போதுதான் கரண்டு வைத்தியத்தைப் பற்றிய பேச்சு.

கடுமையான மனச்சோர்வுக்கும் இதே கதைதான். எதுவும் உண்ணாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திலேயே கிடக்கும் நோயாளிக்கு மாத்திரை பலன் தர வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு காலம் பொறுக்க முடியாத நிலையில் கரண்டு வைத்தியம் கைகொடுக்கிறது.

கற்பூரத்தில் பிறந்த வைத்தியம்

இந்த வைத்தியம் எப்படிப் பிறந்தது? அதுவே ஒரு விசித்திரக் கதை!

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். அங்கே மெடுனா என்ற டாக்டர் இருந்தார். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்று வந்தால் மற்றொன்று விலகும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தத் தவறான எண்ணமே ஒரு புதிய வைத்தியத்துக்கு வழிவிட்டது.

1934-ம் ஆண்டு ஜனவரி மாதம். 4 வருடமாகச் சிலைபோலக் கிடந்த ஒரு நோயாளிக்கு அவர் ஊசி போட்டார். ஊசியில் இருந்தது என்ன தெரியுமா? கற்பூரம்! நம் கோவில்களில் ஏற்றுகிறோமே, அதே கற்பூரம்தான். எண்ணெயில் கரைத்துப் போட்டார். நோயாளிக்கு வலிப்பு வந்தது. அதே ஊசியைச் சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் மறுபடியும் போட்டார். சில வாரங்களில் அந்த நோயாளி தானாகவே படுக்கையை விட்டு எழுந்தார். பேசினார்!

கற்பூர ஊசியில் ஒரு தொல்லை இருந்தது. வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிறகு வேறு மருந்து வந்தது. அதைப் போட்டால் வலிப்பு வருவதற்கு முன்பு நோயாளியை மரண பயம் பிடித்து ஆட்டும்.

இத்தாலி நாட்டு டாக்டர்கள் செர்லெட்டியும் பினியும் வேறு வழி தேடினார்கள். கசாப்புக் கூடத்தில் பன்றிகளின் தலையில் மின்சாரம் பாய்ச்சுவதைச் செர்லெட்டி பார்த்தார். மின்சாரம் பாய்ந்ததும் அவை வலிப்பு வந்து மயங்கின. ஆனால் உடனே சாகவில்லை. மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கலாம் என்பது அவருக்கு உறுதியாயிற்று. 1938-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ரோமாபுரியில் முதல் முறையாக ஒரு மனிதருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். ரெயில் நிலையத்தில் உளறிக்கொண்டு அலைந்ததாகப் போலீசார் பிடித்து அனுப்பிய மனிதர் அவர். பல தடவை கொடுத்தபிறகு அவருடைய பேச்சு தெளிந்தது.

சில ஆண்டுகளிலேயே இந்த வைத்தியம் உலகெங்கும் பரவியது. இந்தியாவுக்கும் வந்தது.

பயம் ஏன் வந்தது?

மக்களின் பயம் வெறும் பயம் அல்ல. அதற்குக் காரணம் உண்டு.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுக்காமலே கரண்டு வைத்தார்கள். நாலு பேர் கை கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். வலிப்பின் வேகத்தில் உடம்பு வில்லாக வளையும். முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. பல் உடைந்தவர்கள் உண்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் முரண்டு பிடிக்கும் நோயாளிகளை அடக்கவும் மிரட்டவும் கரண்டைப் பயன்படுத்திய கொடுமையும் நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அது சிகிச்சை அல்ல. தண்டனையேதான்!

1975-ம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்கப் படம் இந்தக் கொடுமையை உலகத்துக்குக் காட்டியது. தமிழ்ப் படங்களிலும் கதாநாயகனைக் கட்டிப்போட்டு ஷாக் கொடுக்கும் காட்சிகள் வந்தன. அவன் துடிப்பான். தியேட்டரே அழும். தாயின் தம்பி பார்த்த சினிமா அதுதான்.

எலும்பு முறிவைத் தடுக்க வழி கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? காட்டிலிருந்து! தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு நுனியில் 'குராரே' என்ற விஷத்தைத் தடவி வேட்டையாடுவார்கள். அடிபட்ட மிருகத்தின் தசைகள் தளர்ந்து செயலற்றுப் போகும். பென்னட் என்ற அமெரிக்க டாக்டர் 1940-ல் அதே பொருளை அளவோடு பயன்படுத்தி, கரண்டு வைக்கும்போது தசைகள் இறுகாமல் தடுத்தார். 1950-களில் அதைவிடப் பாதுகாப்பான 'சக்சினைல்கோலின்' வந்தது. அதோடு மயக்க மருந்தும் பிராண வாயுவும் சேர்ந்தன. வைத்தியத்தின் முகமே மாறியது.

இப்போது எப்படி நடக்கிறது?

சினிமாவை மறந்துவிட்டு உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் ரத்தம், இருதயம் எல்லாம் பரிசோதிப்பார்கள். முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது. காலையில் நோயாளியைப் படுக்க வைத்து, கையில் ஊசி வழியாக மயக்க மருந்து செலுத்துவார்கள். அவர் தூங்கிவிடுவார். பிறகு தசை தளர்த்தும் மருந்து. முகத்தில் பிராண வாயு. பல்லும் நாக்கும் கடிபடாமல் வாயில் ரப்பர் கட்டை. மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே நிற்பார்.

தலையில் இரண்டு பட்டைகளை வைத்து, சில விநாடிகள் மட்டுமே மின்சாரம் பாய்ச்சுவார்கள். மூளையில் ஒரு வலிப்பு ஏற்படும். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் அது அடங்கிவிடும். நோயாளி துள்ளமாட்டார். கத்தமாட்டார். வலிப்பு வந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு காலில் மட்டும் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, தசைத் தளர்வு மருந்து பாதத்துக்குப் போகாமல் தடுத்து வைப்பார்கள். அந்தப் பாதம் மட்டும் லேசாகத் துடிக்கும். அவ்வளவுதான்!

சில நிமிஷங்களில் அவர் கண் விழிப்பார். கொஞ்ச நேரம் "எங்கே இருக்கிறேன்?" என்று குழம்புவார். பிறகு தெளிவார். கரண்டு பாய்ந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை. மொத்தம் 6 முதல் 12 தடவை. இதுதான் வழக்கம்.

மூளை கருகிவிடுமா? கருகாது. இங்கே சூடு போடுவது நோக்கம் அல்ல. கட்டுக்குள் வைத்த ஒரு வலிப்பை உண்டாக்குவதுதான் நோக்கம். அந்த வலிப்பு மூளையின் ரசாயனங்களையும், அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையையும் மாற்றுகிறது.

ஆபத்தே இல்லையா?

உண்டு. மறைக்கக்கூடாது.

முக்கியமானது ஞாபக மறதி. சிகிச்சை நடந்த வாரங்களில் நடந்தவை பலருக்கு நினைவில் நிற்பதில்லை. அதற்கு முந்தைய மாதங்களின் நினைவுகள் சிலவும் அழியலாம். பெரும்பாலோருக்குப் புதிதாக நினைவில் வைக்கும் சக்தி சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. ஆனால் சிலருக்குப் பழைய நினைவுகளில் விழுந்த ஓட்டைகள் நிரந்தரமாகவே நின்றுவிடுகின்றன. தலைவலி, உடம்புவலி, குமட்டல் ஆகியவை தற்காலிகத் தொல்லைகள்.

உயிர் ஆபத்து மிகக் குறைவு. பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில், லட்சம் தடவை கொடுத்தால் சுமார் 2 மரணம் என்று தெரியவந்தது.

இன்னொன்றும் உண்டு. இது ஒரே தடவையில் ஊரைவிட்டு ஓடும் நோய் அல்ல. கரண்டு வைத்தியத்தால் தேறிய மனச்சோர்வு நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு உண்மையான மருந்து சாப்பிடாதவர்களில் 100-க்கு 84 பேருக்கு 6 மாதத்துக்குள் நோய் திரும்பியது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. ஆகவே குணமானபிறகும் மருந்தை விடக்கூடாது!

ஆட்டிசத்தைத் தீர்க்குமா?

தீர்க்காது. இதைப் பெற்றோர்கள் நன்றாக மனதில் வைக்கவேண்டும்.

லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் உலகத்துக்குத் தெரிந்தது. அதன் பிறகு தாய்மார்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அன்பில்லாத தாயால் வந்த நோய்" என்று சிலர் பழி சுமத்தினார்கள். அது சுத்தப் பொய் என்பது பின்னால் நிரூபணமாயிற்று. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. அதை எடுத்து எறியும் மாத்திரை கிடையாது. கரண்டும் கிடையாது. பயிற்சியும், பொறுமையும், அந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளும் வீடும்தான் அதற்கு உதவி. "கரண்டு வைத்து ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆட்டிசம் உள்ளவருக்கு உறைநிலை நோய் வந்தால், அல்லது மற்ற எந்த வழியிலும் நிற்காமல் தன்னைத்தானே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் கொடுமை வந்தால், அதற்குத்தான் இந்த வைத்தியம். எமி லட்ஸ் என்ற அமெரிக்கத் தாய் தன் மகனுக்கு அப்படிப்பட்ட நிலை வந்து, கரண்டு வைத்தியத்தால் தணிந்ததை 2014-ல் புத்தகமாகவே எழுதினார். இப்படிச் சிலருக்கு நல்ல பலன் கிடைத்ததாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவை தனித்தனி நோயாளிகளின் கதைகள். பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் அல்ல. "பேச முடியாதவர்களின் சம்மதத்தை எப்படிப் பெறுவீர்கள்?" என்று ஆட்டிசம் உள்ளவர்களிலேயே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இன்னொரு விஷயத்தையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அமெரிக்காவில் ஒரு நிலையத்தில், சொன்னபடி நடக்காத ஆட்டிசப் பிள்ளைகளின் தோலில் கருவியைக் கட்டி, விழித்திருக்கும்போதே ஷாக் கொடுத்தார்கள். அது வைத்தியமே அல்ல. வலியைக் காட்டிப் பழக்கும் தண்டனை. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறை 2020-ல் அதற்குத் தடை போட்டது. மறு ஆண்டு கோர்ட்டு அந்தத் தடையை நீக்கியது. 2022-ல் புதிய சட்டம் போட்டு, தடை விதிக்கும் அதிகாரத்தை அந்தத் துறைக்குத் திரும்பக் கொடுத்தார்கள்.

ஏர்வாடியில் எரிந்த தீ

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? அதற்கு ஏர்வாடிக்குப் போகவேண்டும்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஓட முடியவில்லை. அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள்! 28 பேர் கருகி மாண்டார்கள்.

நாடே தலைகுனிந்தது. மனநோயாளிகளின் உரிமைக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் நடந்தன. மயக்க மருந்து இல்லாமல் கரண்டு வைப்பதைத் தடுக்கவேண்டும் என்பதும் அங்கே எழுந்த கோரிக்கைகளில் ஒன்று.

2017-ல் பாராளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 29 முதல் அது அமலுக்கு வந்தது. அந்தச் சட்டப்படி:

மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கரண்டு வைக்கக்கூடாது.

18 வயது ஆகாதவர்களுக்குக் கரண்டு வைக்கக்கூடாது. மனநல டாக்டர் அவசியம் என்று கருதினால், பாதுகாவலரின் சம்மதமும் மனநல ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

அவசர சிகிச்சை என்ற பெயரில் கரண்டு வைக்கக்கூடாது.

எந்த நோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது.

நோயாளி தெளிவாக இருக்கும்போதே, "எனக்கு நோய் வந்தால் இந்தச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம்" என்று முன்கூட்டி எழுதி வைக்கவும் உரிமை உண்டு. தனக்காக முடிவு சொல்லும் ஆளை அவரே நியமிக்கலாம்.

டாக்டரிடம் கேளுங்கள்

சம்மதக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதும் சம்மதம் வாங்குவதும் ஒன்றல்ல. புரிந்து சொல்வதுதான் சம்மதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேள்வி கேட்கலாம். டாக்டர் புரியும்படி பதில் சொல்லவேண்டும்.

என்ன நோய்க்கு இந்த வைத்தியம்? மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? மயக்க மருந்து கொடுக்க டாக்டர் இருக்கிறாரா? எத்தனை தடவை? ஞாபக மறதியைக் குறைக்க என்ன செய்வீர்கள்? பாதியில் வேண்டாம் என்றால் நிறுத்துவீர்களா? முடிந்தபிறகு என்ன மருந்து?

இத்தனையும் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எங்கே போவது?

மனநோய்க்கு ஆஸ்பத்திரி என்பது நமக்குப் புதிது அல்ல. சென்னையில் 1794-லேயே அது தொடங்கிவிட்டது. பிறகு 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அங்கே பல ஆண்டுகள் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர் என்று புகழ் பெற்றவர். நோயாளியைப் பூட்டி வைக்கும் இடத்தைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பும் இடமாக மாற்றப் பாடுபட்டார். 2021-ல் காலமானார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பது நீண்டகால வழக்கம்.

பழனி மலையில் இருப்பவர்கள் சென்னைக்கோ வேலூருக்கோ ஓடவேண்டியதில்லை. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

மலை ஏறும் பஸ்

அந்தத் தாய் என்ன செய்தாள்?

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விகளையும் கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம். "மயக்கத்திலதானே வைப்பீங்க? அவன் வலியில கத்தமாட்டானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். "மாட்டான் அம்மா" என்று இரண்டு தடவையும் டாக்டர் சொன்னார். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

முதல் தடவை மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு, தாய் ஊட்டிய கஞ்சியை அவன் விழுங்கினான். ஆறாம் தடவைக்குப் பிறகு தானே எழுந்து ஜன்னல் வரை நடந்தான்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பலன் குறைவாக இருக்கும். சிலருக்கு நோய் திரும்பும். அந்தத் தாயும் மகனும்கூட மாதந்தோறும் மருந்துக்காக மலையிலிருந்து இறங்கவேண்டும். தேவைப்பட்டால் மறுபடியும் சிகிச்சைக்கு வரவேண்டும். ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்கள் அவனுக்கு நினைவில் இல்லை.

அவனுடைய ஆட்டிசமும் போகவில்லை. இப்போதும் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

ஆனால் ஊர் திரும்பிய மறுநாள் காலை, பூண்டுக் குவியலுக்கு முன்னால் அவன் உட்கார்ந்தான். பெரிது ஒரு பக்கம், சிறிது ஒரு பக்கம். கை நிற்கவில்லை.

தம்பி வாசலில் நின்று பார்த்தான். "தராசு மாதிரி கைக்கா!" என்றான்.

தாய் பதில் சொல்லவில்லை. மத்தியான மாத்திரையை எடுக்க உள்ளே போனாள்.